மெக்நேர், ஆர்.இ.யு.: அமெரிக்காவுக்குப் புதுசா வந்த குடும்பத்துல முதல் பட்டதாரிப் பிள்ளை இருந்தா இதைப் படிங்க

ஒரு அண்ணன் கேட்டிருந்தாரு: "அக்கா ஸ்பான்சர் பண்ணி எஃப்-4-ல கிரீன் கார்டோட குடும்பமா வந்தோம். நான் கேஸ் ஸ்டேஷன்ல, வீட்டுக்காரி டோனட் கடையில வேலை. ரெண்டு பேருமே பிளஸ் டூ தாண்டல. பொண்ணு கவுண்டி காலேஜ்ல ரெண்டு வருஷப் படிப்பு முடிச்சு ஸ்டேட் யூனிவர்சிட்டில கெமிஸ்ட்ரி சேர்ந்திருக்கா. மெக்நேர்னு ஒரு மெயில் வந்திருக்கு, ஆராய்ச்சி பண்ணினா பணம் குடுப்பாங்களாம். ஏமாத்து வேலையா?"

ஏமாத்து வேலை இல்ல அண்ணா. மெக்நேர்ங்கிறது காலேஜ் பிள்ளைங்களைப் பி.எச்.டி.க்குத் தயார் பண்ற அரசுத் திட்டம். யூனிவர்சிட்டி முகவரியில இருந்து வந்திருந்தா இன்னைக்கே பதில் போடச் சொல்லுங்க. நம்ம ஆளுங்க நிறைய பேர் "இதெல்லாம் நமக்கு இல்ல, கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைங்களுக்கு"ன்னு அந்த மெயிலை அழிச்சிடறாங்க. பாதிதான் சரி.

ரொனால்ட் மெக்நேர் சவுத் கரோலினாவுல லேக் சிட்டிங்கிற சின்ன ஊர்ல 1950-ல பிறந்த கறுப்பினப் பையன். 1959-ல அந்த ஊர் லைப்ரரியில புத்தகம் தர மாட்டோம்னு சொல்லி போலீஸையே கூப்பிட்டிருக்காங்க. அவர் நகராம உட்கார்ந்திருந்து புத்தகத்தை வாங்கிட்டுத்தான் போனார். அப்புறம் எம்.ஐ.டி.யில 1976-ல இயற்பியல்ல பி.எச்.டி., 1984-ல விண்வெளிப் பயணம். 1986 ஜனவரி 28-ந்தேதி சேலஞ்சர் வெடிச்சதுல இறந்துட்டார். அவர் பேர்ல அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டு வந்த திட்டம் இது. பணம் தர்றது மத்திய கல்வித் துறை. வசதி குறைஞ்ச பிள்ளைங்க படிப்புக்காக 'ட்ரியோ'ன்னு சொல்ற திட்டங்கள்ல ஒண்ணு.

இப்ப யாருக்குங்கிற விஷயம். ஒரு காலேஜ்ல சேர்க்கிற மெக்நேர் மாணவர்கள்ல மூணுல ரெண்டு பங்கு, குறைஞ்ச வருமானமும் முதல் தலைமுறையும் சேர்ந்தவங்களா இருக்கணும். இதுல இனம் கேக்கறதே இல்ல. மிச்ச ஒரு பங்குலதான் கறுப்பின, ஹிஸ்பானிக், பூர்வகுடி, பசிபிக் தீவுப் பிள்ளைங்க மாதிரி மேற்படிப்புல குறைவா இருக்கிற சமூகங்கள் கணக்கு வரும்னு சட்டம் சொல்லுது. ஆசியர்களுக்கு அந்த வாசல் இல்ல. உங்க பொண்ணுக்கு முதல் வாசல் திறந்திருக்கு.

ஊர்ல முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்க அலைஞ்சிருப்பீங்க. அங்க தாத்தா பாட்டி, அண்ணன் அக்கா யாராவது டிகிரி முடிச்சிருந்தா போச்சு, வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான். இங்க அம்மா அப்பா படிப்பை மட்டும்தான் பார்ப்பாங்க. மூத்தவன் டிகிரி முடிச்சிருந்தாலும் இளையவளும் முதல் தலைமுறைதான். அம்மா மட்டும் தனியா வளர்த்த பிள்ளைன்னா அம்மா படிப்பு மட்டும்தான் கணக்கு. ஐ.டி.ஐ., டிப்ளமோ, இலங்கையில ஏ.எல். இதெல்லாம் டிகிரி ஆகாது. ஆனா அப்பா ஊர்ல பி.இ. முடிச்சிட்டு இங்க கடையில நின்னா அது டிகிரிதான். "இங்க யாருக்குத் தெரியப் போகுது"ன்னு மறைக்காதீங்க. மத்திய அரசுப் படிவத்துல பொய் எழுதறது, அதுவும் கிரீன் கார்டுல இருக்கிறவங்க எழுதறது, புத்திசாலித்தனம் இல்ல.

வருமானத்துலதான் நிறைய பேர் அவசரப்பட்டு விலகிடறாங்க. வறுமைக்கோட்டு அளவுல 150 சதவீதம் வரைக்கும் இருக்கலாம். 2025 கணக்குப்படி நாலு பேர் குடும்பத்துக்கு 48,225 டாலர். இது மொத்தச் சம்பளம் இல்ல. முந்தின வருஷத்து 1040 வருமான வரிப் படிவத்துல கழிவெல்லாம் போனதுக்கு அப்புறம் வர்ற வரி கட்ட வேண்டிய வருமானம், 15-வது வரி. கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் பண்ணினா 2024-க்கு நிலையான கழிவே 29,200 டாலர். அதாவது ரெண்டு பேரும் சேர்ந்து எழுபத்தி ஏழாயிரம் வரைக்கும் சம்பாதிச்சிருந்தாலும் உள்ள வரலாம். தாசில்தார் ஆபீஸ் படியேற வேண்டாம், வரிப் படிவ நகல் போதும்.

கிடைக்கிறது என்ன? ஆராய்ச்சிக்கு வருஷத்துக்கு அதிகபட்சம் 2,800 டாலர் உதவித்தொகை. உண்மையைச் சொன்னா அது பெரிய தொகை இல்ல, கோடை முழுக்கக் கடையில நின்னா அதைவிட அதிகமா வரும். அதுக்காக யாரும் இதுல சேர்றதில்ல. கூடவே ஒரு பேராசிரியர் வழிகாட்டி, விண்ணப்பக் கட்டுரை எழுதப் பயிற்சி, பி.எச்.டி. விண்ணப்பத்துக்கு நிறைய யூனிவர்சிட்டிகள்ல கட்டண விலக்கு எல்லாம் உண்டு. பத்து இடத்துக்கு அப்ளை பண்றவங்களுக்கு அந்த விலக்கோட அருமை தெரியும்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் ரெக்கமண்டேஷன் லெட்டர். ஊர்ல ஹெச்.ஓ.டி. கிட்ட நாமே டைப் பண்ணின தாள்ல கையெழுத்து வாங்குவோம். இங்க பி.எச்.டி.க்கு பெரும்பாலும் மூணு லெட்டர் கேப்பாங்க, அதைப் பேராசிரியரே எழுதி நேரா அனுப்புவார், பிள்ளை கண்ணுல படாது. முந்நூறு பேர் உட்கார்ற வகுப்புல ஏ வாங்கின பொண்ணைப் பத்தி அவர் என்ன எழுத முடியும்? "ஏ வாங்கினாள்"னு எழுதுவார். லேப்ல ஒரு வருஷம் கூட வேலை பார்த்தவர்தான், ரியாக்ஷன் மூணு தடவை கெட்டுப்போனப்ப இவ என்ன பண்ணினா, எந்தக் கேள்வியைத் தானா கேட்டாங்கிறதை எழுத முடியும். சேர்க்கைக் குழு தேடறது அதைத்தான். படிச்ச குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு இந்த விஷயம் சாப்பாட்டு மேசையிலேயே காதுல விழுந்திடுது. நம்ம பொண்ணுக்கு யார் சொல்றது? அந்த இடைவெளியை அடைக்கத்தான் இந்தத் திட்டமே.

இன்னொண்ணு, இங்க பி.எச்.டி.க்கு மாஸ்டர்ஸ் கட்டாயமில்ல. பி.எஸ். முடிச்சுட்டு நேராப் போகலாம். அறிவியல் துறைகள்ல பெரும்பாலும் டியூஷனைத் தள்ளுபடி பண்ணி மாசாமாசம் உதவித்தொகையும் தருவாங்க. கைக்காசு போறது பெரும்பாலும் மாஸ்டர்ஸுக்குத்தான். கடன் வாங்கி மாஸ்டர்ஸ் சேர்த்துவிட்டுட்டு அப்புறம் இதைத் தெரிஞ்சுக்கிற குடும்பங்களைப் பார்க்கிறப்ப வயிறு எரியுது.

மெடிக்கல் மட்டும்தான்னு முடிவோட இருக்கிற பிள்ளைக்கு மெக்நேர் சரிப்படாது. அது பி.எச்.டி.யை நோக்கிப் போறவங்களுக்கு. நேர்காணல்லயே தெரிஞ்சிடும்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் திட்டத்துக்கு இப்ப நல்ல நேரம் இல்ல. 2026 நிதியாண்டுக்கு ட்ரியோவுக்குப் பணமே ஒதுக்க வேண்டாம்னு வெள்ளை மாளிகை முன்மொழிஞ்சுது. அதனால உங்க கேம்பஸ்ல இந்த வருஷம் நடக்குதான்னு அந்த ஆபீஸ்லயே கேட்டுக்கணும். எல்லா யூனிவர்சிட்டியிலயும் மெக்நேர் கிடையவும் கிடையாது.

அது இல்லேன்னா ஆர்.இ.யு. தேசிய அறிவியல் அறக்கட்டளை, அதாங்க என்.எஸ்.எஃப்., பணம் தர்ற கோடைக்கால ஆராய்ச்சி. ஒரு இடத்துக்குப் பத்துப் பேர் மாதிரி எடுப்பாங்க, எட்டுல இருந்து பத்து வாரம். உதவித்தொகை உண்டு, பல இடங்கள்ல தங்குமிடமும் பயணச் செலவும் குடுப்பாங்க. குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தாப் போதும், அம்மா அப்பா படிப்பு தடையில்ல. கவுண்டி காலேஜ் பிள்ளைங்களும் போடலாம். விண்ணப்பம் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியிலயே முடிஞ்சிடும், மே மாசம் கேட்டுப் பிரயோஜனமில்ல. பி.எச்.டி. விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர்ல முடியறதால, மூணாவது வருஷக் கோடைதான் கடைசி நல்ல வாய்ப்பு. அந்தப் பணத்துல வரி பிடிச்சுக் குடுக்க மாட்டாங்க, ஆனா அது வருமானம்தான். கொஞ்சம் எடுத்து வையுங்க.

கீழே கேட்டவங்களுக்கு:

"நாங்க ஹெச்-1பி வேலை விசா, பையன் எங்களைச் சார்ந்த ஹெச்-4 விசா. அவனுக்கு?" மெக்நேரும் இல்ல, ஆர்.இ.யு.வும் இல்ல. ஹெச்-4 பிள்ளைங்க சம்பளத்துக்கு வேலை பார்க்கவே கூடாது. சம்பளமில்லாம சும்மா லேப்ல நிக்கட்டும்னு விடறதும் ஆபத்து, வழக்கமா சம்பளம் தர்ற வேலையா இருந்தா வம்பு வரும். ஆராய்ச்சியை ஒரு பாடமாப் பதிவு பண்ணி கிரெடிட்டுக்குப் பண்றதுதான் சுத்தமான வழி. 21 வயசுல ஹெச்-4 எப்படியும் முடியும். எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினா கேம்பஸ்லயே வகுப்பு நடக்கிறப்ப வாரம் 20 மணி நேரம், விடுமுறையில முழு நேரம் வேலை பார்க்கலாம், அப்ப லேப்லயே சம்பளம் வாங்கலாம். கிரீன் கார்டு வரிசையில இருக்கிற குடும்பம் மாறுறதுக்கு முன்னாடி வக்கீல் கிட்ட கேட்டுக்குங்க.

"பேராசிரியருக்கு மெயில் போட்டா பதிலே வரல." கும்பலா ஐம்பது பேருக்கு 'மதிப்பிற்குரிய ஐயா'ன்னு ஒரே மெயில் அனுப்பினா யாரும் படிக்க மாட்டாங்க. அவரோட ஒரு கட்டுரையைப் படிச்சு, அதுல ஒரு சந்தேகத்தை ரெண்டு வரியில எழுதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வர முடியும்னு சொல்லுங்க. பத்து நாள் கழிச்சு ஒரு தடவை நினைவுபடுத்தலாம், தப்பில்ல. அவர் மாணவர்களைப் பார்க்க ஒதுக்கியிருக்கிற ஆபீஸ் ஹவர்ஸ்ல நேராப் போய் நிக்கிறது மெயிலை விட நல்லது.

"வயசுப் பொண்ணை பத்து வாரம் வேற மாநிலத்துல விடறதா?" அக்கா, பெரும்பாலும் டார்ம்லதான், அதாவது யூனிவர்சிட்டி ஹாஸ்டல்லதான், மொத்தக் குழுவையும் தங்க வைப்பாங்க. திட்டத்துக்குன்னு ஒரு ஒருங்கிணைப்பாளர் இருப்பாங்க, பொண்ணு சம்மதத்தோட அவங்க நம்பரை வாங்கி வெச்சுக்குங்க. மனசு ஒப்பலேன்னா வீட்டுல இருந்து போய் வர்ற தூரத்துல இருக்கிற இடமாப் பார்த்துப் போடச் சொல்லுங்க.

"நாங்க டொரன்டோ." அங்க என்செர்க்னு கனடா மத்திய அரசோட அறிவியல் ஆராய்ச்சி அமைப்பு, இளங்கலை மாணவர்களுக்குக் கோடை ஆராய்ச்சி உதவித்தொகை தருது. குடியுரிமை, நிரந்தர வதிவிடத்தோட, அகதியா ஏற்கப்பட்டு பாதுகாக்கப்பட்டவர் நிலையில இருக்கிறவங்களும் போடலாம். விண்ணப்பம் பிள்ளை படிக்கிற துறை வழியாப் போகுது, ஒவ்வொரு துறைக்கும் கடைசித் தேதி வேற வேற. துறை ஆபீஸ்ல டிசம்பர்லயே கேட்டு வையுங்க.