கிளாட் கோட்: --கன்டினியூ கொடுத்தால் வேறு உரையாடல் திறக்கிறது

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. ஆபீஸ் சர்வரில் எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து கிளாட் கோட் (டெர்மினலில் ஓடும் ஏஐ கோடிங் உதவியாளர்) பயன்படுத்துகிறேன். நேற்று ஜாங்கோவில் (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்) பேமென்ட் பகுதியை மாற்றி எழுதிக்கொண்டிருந்தபோது இணைப்பு அறுந்துவிட்டது. மறுபடி நுழைந்ததும், அதே ஃபோல்டரில் ஒரு டெஸ்ட் ஏன் ஃபெயிலாகிறது என்று மட்டும் அவசரமாகக் கேட்டுவிட்டு மூடினேன். இன்று 'கிளாட் --கன்டினியூ' அடித்தால் அந்த டெஸ்ட் உரையாடல்தான் வருகிறது. எந்த டேட்டாபேஸ் டேபிளை ஏன் பிரிக்கிறோம் என்று வெகுநேரம் பேசி முடிவு செய்ததெல்லாம் போய்விட்டதா?

பதில் 1:
போகவில்லை, பயப்படாதீர்கள். அந்த ஃபோல்டரில் கடைசியாக நடந்த உரையாடல் எதுவோ, அதைத்தான் --கன்டினியூ எடுக்கும். அதே ஃபோல்டரில் இருந்தபடி 'கிளாட் --ரெஸ்யூம்' அடியுங்கள். பழைய உரையாடல்கள் பட்டியலாக வரும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். திறந்ததும் முதல் வேலையாக /ரீநேம் கொடுத்து 'பேமென்ட்-மாற்றம்' என்பதுபோல ஒரு பெயர் வையுங்கள். அடுத்த முறை தேட வேண்டியிருக்காது.

கேட்டவர்:
கிடைத்துவிட்டது, மிக்க நன்றி! இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காமல் ஓட வழி உண்டா? அப்புறம், ஒரே உரையாடலை இரண்டு டெர்மினலில் திறக்கலாமா?

பதில் 2:
முதல் கேள்விக்கு டீமக்ஸ் (இணைப்பு அறுந்தாலும் டெர்மினலை சர்வரில் உயிரோடு வைத்திருக்கும் கருவி). சர்வரில் டீமக்ஸைத் தொடங்கி, அதற்குள் கிளாட் கோடை ஓட்டுங்கள். இணைப்பு போனாலும் அது பாட்டுக்கு ஓடும். திரும்பி வந்து 'டீமக்ஸ் அட்டாச்' கொடுத்தால் போதும்.

இரண்டு டெர்மினல் வேண்டாம். இரண்டு பக்கமும் பேசுவது ஒரே பதிவில் கலந்துவிடும். --ரெஸ்யூமோடு --ஃபோர்க்-செஷன் சேர்த்துக் கொடுத்தால் அதுவரை பேசியதோடு தனிக் கிளை பிரியும். பிரிவது பேச்சு மட்டும்தான், கோப்புகள் அதேதான். இரண்டு பக்கமும் கோடை மாற்றப்போகிறீர்கள் என்றால் கிட் ஒர்க்ட்ரீ (அதே கோடை இன்னொரு ஃபோல்டரில் தனிக் கிளையாகத் திறக்கும் வசதி) போட்டுத் தனி ஃபோல்டரில் செய்யுங்கள்.

பதில் 1:
இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செட்டிங்கை மாற்றவில்லை என்றால், பழைய உரையாடல்களை 30 நாளில் கிளாட் கோட் தானாகவே அழித்துவிடும். அதற்கு முன்பே, பேச்சு நீண்டுகொண்டே போனால் முன்பகுதியைச் சுருக்கிவிடும். சுருக்கத்தில், ஏன் அப்படி முடிவு செய்தோம் என்ற காரணங்கள் காணாமல் போகலாம். எனவே டேபிளைப் பிரித்த காரணங்களை டாக்ஸ் ஃபோல்டரில் ஒரு கோப்பாக எழுதச் சொல்லி இப்போதே அதனிடம் கேளுங்கள். நீங்கள் ஒருமுறை படித்துத் திருத்திவிட்டுக் கமிட் செய்யுங்கள். கிளாட்.எம்டி-யில் (ஒவ்வொரு உரையாடலின் தொடக்கத்திலும் கிளாட் கோட் படிக்கும் குறிப்புக் கோப்பு) அந்தக் கோப்பின் பெயரை ஒரு வரியில் குறித்துவைத்தால், புதிதாகத் தொடங்கும் உரையாடலுக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியும்.