பழைய கொரோலா மீட்டர்ல பாதி இருட்டு, நானே பல்பு மாத்தலாமா?

தட்டோன்வாசி

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1990கள்ல வந்த டொயோட்டா கொரோலா. ஜப்பான் வண்டி, வலதுகை ஸ்டியரிங். ராத்திரி லைட் போட்டா ஸ்பீடு மீட்டர்ல 80க்கு மேல உள்ள பக்கம் மட்டும்தான் தெரியுது. அதுக்குக் கீழே முழு இருட்டு. பெட்ரோல் முள் பக்கமும் போயிடுச்சு. இன்ஜின் சூடு காட்டுற இடம் பழுப்பா மங்கிக் கிடக்கு.

நான் விடியுறதுக்கு முன்னாடியே கிளம்பி பகோ வழியா ரங்கோன் போறவன். ரோட்டுல பெரும்பாலும் விளக்கு இருக்காது. டேங்க்ல எவ்வளவு இருக்குன்னு வண்டியை ஓரங்கட்டி போன் டார்ச் அடிச்சுத்தான் பார்க்கிறேன். பட்டறையில மீட்டர் செட்டையே மாத்தணும்னு சொல்றாங்க. வேற வண்டி மீட்டரைப் போட்டா ஓடின கிலோமீட்டர் கணக்கு தப்பாயிடும், அதனால எனக்கு மனசு ஒப்பல. ஸ்க்ரூ கழட்ட, பூட்ட வரும், கரண்ட் வேலை அவ்வளவா தெரியாது. கையேடு முழுக்க ஜப்பான் மொழி. எங்கேருந்து தொடங்கணும்?

பகோ ரோடு

கழட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் சொல்லுங்கண்ணே. பின்னாடி சிவப்பு லைட்டும் நம்பர் பிளேட் லைட்டும் எரியுதா? டேஷ்போர்டுல வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்ன சக்கரம் இருந்தா, அதைக் கடைசி வரைக்கும் உருட்டிப் பார்த்தீங்களா?

தட்டோன்வாசி

பின்னாடி எல்லாம் எரியுது தம்பி. சக்கரத்தை உருட்டினா எரியுற பக்கம் கூடுது, குறையுது. செத்த பக்கத்துல ஒரு மாற்றமும் இல்ல. ஒண்ணொண்ணாத்தான் போச்சு, முதல்ல பெட்ரோல் பக்கம்.

பழைய பட்டறை

அப்ப பல்புதான் தம்பி, மீட்டர்ல கோளாறு இல்ல. பியூஸ் போயிருந்தா மீட்டர் விளக்கு மொத்தமா அணைஞ்சிருக்கும். அந்தச் சக்கரம் கெட்டிருந்தாலும் எல்லாம் சேர்ந்துதான் மங்கும். இப்படித் திட்டுத் திட்டா இருட்டானா அந்தந்த இடத்துப் பல்பு எரிஞ்சு போச்சுன்னு அர்த்தம். இதுக்குப் போய் மீட்டர் செட்டை மாத்தச் சொல்றது அநியாயம். நிதானமா செஞ்சா வீட்டு வாசல்லயே முடிச்சிடலாம்.

முதல்ல பேட்டரியோட நெகட்டிவ் முனையைக் கழட்டுங்க, 10 நம்பர் ஸ்பானர் போதும். ஸ்டியரிங்ல ஏர்பேக் இருந்தா, கழட்டின பிறகு 90 விநாடியாவது காத்திருங்க. அந்த அமைப்பு கொஞ்ச நேரத்துக்குக் கரண்டைத் தேக்கி வச்சிருக்கும்.

ஸ்டியரிங் இறங்குற மாதிரி இருந்தா முழுசா இறக்கிடுங்க. மீட்டரைச் சுத்தி இருக்கிற பிளாஸ்டிக் மூடியோட மேல் விளிம்புக்கு உள்ளே, கீழேயிருந்து பார்த்தா ஸ்க்ரூ தெரியும். அதை எடுத்துட்டு மூடியை ரெண்டு கையாலயும் உங்க பக்கம் சமமா இழுங்க, மிச்சம் கிளிப்தான். பழைய பிளாஸ்டிக் காஞ்சு போயிருக்கும், அதனால ஒரு பக்கமா நெம்பாதீங்க. அப்புறம் மீட்டரைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ. பின்னாடி ஒயர் பிளக்குகளோட நாக்கை அமுக்கித்தான் கழட்டணும், ஒயரைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. ஸ்பீடுக்கு கேபிள் வர்ற வண்டியா இருந்தா அதுக்கும் ஒரு அமுக்குக் கிளிப் இருக்கும்.

வெளியே எடுத்ததும் மெத்துன்னு ஒரு துணி விரிச்சு கவுத்து வைங்க. முதுகுல செம்புக் கோடு ஓடுற மெல்லிசுத் தகடு ஒட்டியிருக்கும். அதுல அங்கங்கே பிளாஸ்டிக் குமிழ் மாதிரி தெரியுறதுதான் பல்பு ஹோல்டர். இடதுபக்கமா கால் சுத்து திருப்பினா கையோட வந்துடும். கண்ணாடிக்குள்ள கருப்புப் புகை படிஞ்ச மாதிரி இருக்கும் பாருங்க. கம்பியில இருக்கிற டங்ஸ்டன் ஆவியாகி உள்பக்கம் படியுறதுதான் அது. உங்க சூட்டு மீட்டர் பழுப்பா தெரியுறதும் அதனாலதான். அதோட நாளும் முடியப் போகுது, அதனால வெளிச்சத்துக்கு இருக்கிற எல்லாத்தையும் இப்பவே மாத்திடுங்க. ஒண்ணுக்காகத் திரும்பக் கழட்டுறது வீண் வேலை.

வாட்தான் ரொம்ப முக்கியம். பெரிய பல்பு பெரும்பாலும் டி10 வகை, 3.4 வாட். எச்சரிக்கை விளக்குக்குச் சின்னது, டி5. கடையில கேட்டா பார்க்கிங் லைட்டுக்குப் போடுற 5 வாட் டி10ஐத் தூக்கிக் கொடுப்பாங்க. உருவம் அதேதான், அச்சா பொருந்தவும் செய்யும், வெளிச்சமும் கூடுதலா வரும். ஆனா அந்த மூடின இடத்துல சூடு வெளியே போக வழியில்ல. ஹோல்டர் உருகி, செம்புத் தகடும் பொசுங்கிடும். அப்புறம் நிஜமாவே மீட்டர் மாத்த வேண்டி வரும். பழைய பல்பைக் கையோட கொண்டு போய் எழுத்தைப் படிச்சுப் பார்த்து வாங்குங்க.

தாமுவே அக்கா

எல்ஈடி போடலாமான்னு கேட்பீங்க, அதனால முன்னாடியே சொல்றேன் தம்பி. வெளிச்சத்துக்குப் போடலாம், சூடு கம்மி. ஆனா எல்ஈடி பெரும்பாலும் நேரா ஒரே பக்கம்தான் அடிக்கும். முள்ளுக்குப் பின்னால வெள்ளைப் பொட்டு மாதிரி விழுந்து, எண்கள் மங்கலா நிக்கலாம். சக்கரத்தை உருட்டினாலும் சரியாக் குறையாது. இருட்டு ரோட்டுல போறவங்களுக்குக் கண்ணைக் குத்தும். உங்களுக்கு சாதா பல்பே நல்லது.

பேட்டரி படம் போட்ட சார்ஜ் விளக்குல மட்டும் எல்ஈடி போடவே போடாதீங்க. பல பழைய வண்டியில அந்தப் பல்பு வழியா போற கரண்டுதான் பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டரைக் கிளப்பி விடும். எல்ஈடியில அது போதாம, ஸ்டார்ட் பண்ணினாலும் சார்ஜ் ஏறாம போகலாம்.

தட்டோன்வாசி

ரொம்ப நன்றி ஐயா, அக்கா. சொன்னபடியே கழட்டி, 3.4 வாட் போட்டாச்சு. இன்னும் மாட்டல. பெட்ரோல் பக்கம் மட்டும் புதுப் பல்பு போட்டும் எரியல. அதே பல்பை வேற ஹோல்டர்ல போட்டா எரியுது.

பழைய பட்டறை

ஹோல்டரோட ரெண்டு பித்தளை நாக்கும், அது உரசுற செம்புத் தடமும் கருத்துப் போயிருக்கும். பேட்டரியைக் கழட்டிட்டு, பென்சில் அழிக்கிற ரப்பரால செம்பு பளிச்சுன்னு வர்ற வரைக்கும் மெதுவா தேய்ங்க. உப்புத்தாள் வேண்டாம், தடம் உரிஞ்சிடும். நாக்கு ரெண்டையும் நகத்தால லேசா நிமிர்த்தி, திரும்ப மாட்டுங்க.

சோதிக்கும்போது எல்லா பிளக்கையும் சொருகி, பார்க்கிங் லைட் மட்டும் போடுங்க. சாவி வேண்டாம். பிளக் கழண்டு இருக்கும்போது சாவியைத் திருப்பினா ஏர்பேக் விளக்கு எரிஞ்சு அப்படியே நின்னுடலாம்.

தட்டோன்வாசி

ரப்பர் போட்டுத் தேய்ச்சதும் எரிஞ்சிடுச்சு ஐயா! கடைசி முள் வரைக்கும் தெரியுது. மூடியை மாட்டிடலாமா?

பழைய பட்டறை

கொஞ்சம் பொறுங்க தம்பி. எல்லா பிளக்கும் சொருகியிருக்கான்னு பார்த்துட்டு சாவியை ஆன்ல வைங்க, ஸ்டார்ட் பண்ண வேண்டாம். ஆயில் விளக்கும் சார்ஜ் விளக்கும் எரியணும். ஸ்டார்ட் பண்ணினதும் ரெண்டும் அணையணும். ஆயில் விளக்கு எரியலன்னா அந்தப் பல்பையும் இப்பவே மாத்திட்டு மூடியைப் போடுங்க.