ஹேவ்லாக் தீவில் மே மாதக் கல்யாணம்: ஒத்துக்கொள்ளலாமா?

கோவைக்காரி
என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. கோவையில் மண்டபம் வேண்டாமாம். அந்தமானில் ஹேவ்லாக் தீவில் கடலோர ரிசார்ட் ஒன்றை எடுத்து, வரும் மே மாதம் அறுபது பேரோடு நடத்தலாம் என்று அவனும் பெண்ணும் உறுதியாக இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு லீவு என்பதால் மே. அப்பா இதைக் கேட்டதிலிருந்து சரியாகப் பேசுவதே இல்லை. இரண்டு பக்கமும் யோசித்துச் சொல்லுங்கள்.

தஞ்சைநெல்
உங்கள் அப்பா பக்கம்தான் நான். அறுபது பேர் என்றால் பெண் வீட்டுக்கு முப்பது, உங்களுக்கு முப்பது. பங்காளி வீட்டில் அண்ணனைக் கூப்பிட்டுத் தம்பியை விட முடியுமா? அப்பா இத்தனை வருஷம் ஊரில் ஒரு விசேஷம் விடாமல் போய் மொய் எழுதியிருப்பார். அவர்கள் எல்லோரும் திரும்ப வந்து நிற்க வேண்டிய நாள் இது. அந்த வாய்ப்பை அவர்களுக்கு இல்லாமல் செய்வது அவமரியாதை. கல்யாணம் இரண்டு பேர் விஷயம் மட்டும் இல்லை, சகோதரி.

உப்புக்காற்று
தஞ்சைநெல் ஐயா, மண்டபத்துக்கு வரும் எண்ணூறு பேரில் மாப்பிள்ளையோடு நாலு வார்த்தை பேசுகிறவர்கள் எத்தனை பேர்? வரிசையில் நின்று, கவரைக் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு பந்திக்கு ஓடுகிறார்கள். தீவில் மூன்று நாள் ஒன்றாக இருந்தால் சித்தப்பாவும் சம்பந்தியும் உட்கார்ந்து பேசுவார்கள். எண்ணூறு இலைக்கு ஆகும் செலவில் அறுபது பேரை நன்றாகவே கவனிக்கலாம். அவர்கள் சம்பாதித்த பணம், அவர்கள் கல்யாணம். விடுங்கள்.

தஞ்சைநெல்
விமான டிக்கெட் யார் எடுப்பது? அதைச் சொல்லுங்கள் முதலில். மே லீவில் சென்னையிலிருந்து போர்ட் பிளேர் போய்வர நாலு பேர் குடும்பத்துக்கு என்ன ஆகும்? “சொந்தச் செலவில் வந்துவிடுங்கள்” என்று சொல்லிப் பத்திரிகை வைக்க எனக்கு நா எழாது. வசதி இல்லாத அத்தை “உடம்பு சரியில்லை” என்று சொல்லி வராமல் இருந்துவிடுவார். பணம் இல்லாததால்தான் வரவில்லை என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். அந்த வருத்தம் பல வருஷம் நிற்கும்.

போர்ட்பிளேர்வாசி
நான் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழன். தீவுக் கல்யாணம் கூடாது என்று சொல்லமாட்டேன். மே மாதம் மட்டும் கூடாது.

தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு முன்னாலேயே எங்களுக்கு வந்துவிடும். வழக்கமாக மே 20 வாக்கில். 2025இல் மே 13ஆம் தேதியே தெற்கு அந்தமான் கடலைத் தொட்டுவிட்டது. வங்கக்கடலில் புயல் உருவாகும் மாதமும் இதுதான்: 2020 அம்பன், 2023 மோக்கா, 2024 ரெமல், மூன்றுமே மே மாதம். ஹேவ்லாக்கில் விமான நிலையம் இல்லை, போர்ட் பிளேரிலிருந்து படகில்தான் போக வேண்டும். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். 2016 டிசம்பரில் மழையும் காற்றும் அடித்தபோது ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் மாட்டிக்கொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளைக் கடற்படை வந்துதான் மீட்டது. புரோகிதர் ஒரு தீவில், மாப்பிள்ளை இன்னொரு தீவில் என்று ஆகிவிட்டால்?

பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். ஓடும்போது ஆட்டம் இருந்தால் மூடிய படகுக்குள் பாதிப் பேர் கையில் வாந்திப் பையோடுதான் வருவார்கள். தீவில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. நெஞ்சுவலி என்றால் போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவர வேண்டும்.

உப்புக்காற்று
மழை எங்கேதான் இல்லை? கூரை போட்ட கூடம் உள்ள ரிசார்ட்டாகப் பார்த்தால் போயிற்று. சென்னையில் டிசம்பரில் கல்யாணம் வைக்காமலா இருக்கிறோம்?

போர்ட்பிளேர்வாசி
கூரை தாலி கட்டும் இடத்துக்கு உதவும் தம்பி, படகுக்கு உதவாது. சென்னையில் மழை பெய்தால் விருந்தாளி முழங்கால் தண்ணீரிலாவது வந்து சேருவார்.

பஞ்சாங்கப்பிரியன்
யாரும் பேசாத ஒன்று: முகூர்த்த நேரம். நாடு முழுக்க ஒரே கடிகாரம், சூரியன் ஒன்றாக உதிப்பதில்லை. தீர்க்கரேகையில் கோவை 77 பாகை (டிகிரி), ஹேவ்லாக் 93 பாகை கிழக்கு. பாகைக்கு 4 நிமிடம் என்றால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம். கோவை ஜோசியர் காலை 6 முதல் 7.30 என்று குறித்துக் கொடுக்கும் லக்னம் அங்கே ஏறத்தாழ 5 மணிக்கே தொடங்கி 6.30க்கு முடிந்துவிடும். ராகு காலமும் அப்படியே முன்னால் நகரும். தீவுக்கென்று கணித்துத் தரச் சொல்லுங்கள். பெண்ணுக்கு அலங்காரம் செய்கிறவர்கள் இரவு இரண்டு மணிக்கு எழுந்திருக்க வேண்டிவரும்.

போர்ட்பிளேர்வாசி
உண்மை. மே மாதம் இங்கே 5 மணிக்கே விடிந்துவிடும், மாலை ஐந்தரைக்கு சூரியன் மறைந்துவிடும். சாயங்கால வரவேற்பை ஏழு மணிக்கு வைத்துவிட்டு வெளிச்சத்தில் போட்டோ கேட்காதீர்கள். இன்னொன்று, ரிசார்ட்டுகள் நிறைய கிழக்குக் கரையில் இருக்கின்றன. அங்கே வற்றம் வந்தால் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, பாறையும் பவளத்துண்டும் சேறுமாகத் தெரியும். படத்தில் பார்த்த நீலக் கடல் முகூர்த்த நேரத்தில் இருக்குமா என்பதை ஓத அட்டவணை (கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியல்) பார்த்துத்தான் சொல்ல முடியும். ராதாநகர் கடற்கரை மேற்குப் பக்கம், அது சூரியன் மறைவதைப் பார்க்கிற இடம்.

தஞ்சைநெல்
பதிவையும் யோசியுங்கள். தமிழ்நாட்டின் 2009 திருமணப் பதிவுச் சட்டம் இந்த மாநிலத்துக்குள் நடக்கும் கல்யாணங்களுக்குத்தான். அங்கே பதிவு எப்படி என்று முன்கூட்டியே விசாரிக்காமல் தேதி குறிக்காதீர்கள். என்னைக் கேட்டால் தாலியை மருதமலையில் கட்டுங்கள், ஊருக்கு ஒரு சாப்பாடு போடுங்கள். அப்புறம் அவர்கள் நண்பர்களோடு எந்தத் தீவுக்கு வேண்டுமானாலும் போகட்டும்.

உப்புக்காற்று
அப்படிச் செய்தால் தீவில் நடப்பது வெறும் பார்ட்டி. அவர்கள் கேட்பது அது இல்லையே. பெற்றவர்கள் பக்கத்தில் இருக்க, கடல் சத்தத்தில் தாலி கட்ட ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையை இவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள். மாதத்தை வேண்டுமானால் மாற்றலாம்.

கோவைக்காரி
எல்லோருக்கும் நன்றி. முழுவதையும் தம்பிக்குக் காட்டினேன். பருவமழைத் தேதியைப் பார்த்ததும் மே வேண்டாம் என்று ஒத்துக்கொண்டான். தீவை விடமாட்டேன் என்கிறான். தை கடைசியில் வைக்கலாமா என்று கேட்கிறான். அத்தைகள் இருவருக்கும் டிக்கெட்டை அவனே எடுப்பானாம். அப்பாவிடம் இதைச் சொன்னேன். ஊரில் ஒரு விருந்து கட்டாயம் வேண்டும் என்றார். அதற்கு மேல் மறுக்கவில்லை.

தஞ்சைநெல்
அத்தைகளுக்கு டிக்கெட் எடுப்பது நல்ல காரியம். அறுபது பேர் என்பதில் எனக்கு இன்னும் சம்மதமில்லை.

போர்ட்பிளேர்வாசி
தை கடைசி என்றால் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஆனால் அதுதான் இங்கே சீசன், அறை வாடகை கூடும், படகு நிரம்பிவிடும். தேதி முடிவானதும் அறுபது பேருக்கும் படகு டிக்கெட்டை முதலில் பாருங்கள். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே எல்லோரும் ஹேவ்லாக்கில் இறங்கியிருக்க வேண்டும். வாழை இலை, பூ, மாவிலைக்கு போர்ட் பிளேர் சந்தையில் இப்போதே சொல்லிவையுங்கள். மல்லிகை மட்டும் சென்னையிலிருந்து விமானத்தில் வரட்டும்.