லண்டன் நெரிசல் கட்டணம்: 2014 டீசல் வேனுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு?

வேன்சக்கரம்

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2014-ல் பதிவான சின்ன டீசல் வேன், யூரோ 5 என்ற புகைத் தரம். கென்ட் பக்கமிருந்து வாரத்தில் இரண்டு நாள் மத்திய லண்டனில் சாமான் இறக்கும் வேலை ஒன்று பேச்சில் இருக்கிறது. சில நாள் பிளாக்வால் சுரங்கம் வழியாக ஸ்ட்ராட்ஃபோர்டும் போக வேண்டிவரும். ரேட் சொல்வதற்கு முன்னால் செலவு தெரிய வேண்டும்.

நெரிசல் கட்டணம், யூலெஸ், சுரங்கக் கட்டணம், டார்ட்ஃபோர்டு (எம்25 சாலையில் தேம்ஸ் ஆற்றைக் கடக்கும் இடம்) என்று நாலு பெயர் அடிபடுகிறது. ஒன்றைக் கட்டினால் மற்றது அதில் அடங்குமா? அபராதம் வராமலிருக்க என்ன ஏற்பாடு செய்து வைக்க வேண்டும்? காசு கட்டி உள்ளே போனால் ரோடாவது காலியாக இருக்குமா? மற்ற நகரங்களில் ஓட்டுகிறவர்களும் உங்கள் கருத்தைச் சொன்னால் நல்லது.

உள்வளையம்

நாலும் தனித்தனி. ஒன்றில் மற்றொன்று அடங்காது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் கணக்குதான்.

மத்திய லண்டனுக்குள் ஓட்டுவதற்கான நெரிசல் கட்டணம் 2026 ஜனவரி 2 முதல் நாளுக்கு 18 பவுண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7 மணியிலிருந்து மாலை 6 மணி வரை. சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை நாட்களில் பகல் 12 முதல் 6 வரை. கிறிஸ்துமஸ் தொடங்கிப் புத்தாண்டு விடுமுறை வரை கிடையாது. ஒரு நாள் கட்டிவிட்டால் அன்று எத்தனை தடவை வேண்டுமானாலும் உள்ளே போய் வரலாம்.

யூலெஸ் புகைக்கான கட்டணம், நெரிசலோடு சம்பந்தமில்லை. 12.50 பவுண்டு. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களிலும் (உள்ளாட்சிப் பகுதிகள்) அமலில் இருக்கிறது, கிறிஸ்துமஸ் தினம் தவிர 24 மணி நேரமும். டீசலுக்கு யூரோ 6 வேண்டும், பெட்ரோலுக்கு யூரோ 4 போதும். யூரோ 5 டீசல் தேறாது. ஆகவே கென்டிலிருந்து லண்டன் எல்லைக்குள் நுழைந்ததுமே 12.50 விழுந்துவிடும், மத்திய லண்டன் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி. யூலெஸ் நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. இரவு 11 மணிக்கு உள்ளே வந்து 1 மணிக்கு வெளியே போனால் இரண்டு நாள் கட்டணம், 25 பவுண்டு.

பிளாக்வால், சில்வர்டவுன் இரண்டு சுரங்கத்துக்கும் 2025 ஏப்ரல் 7 முதல் கட்டணம் உண்டு. காலை 6 முதல் இரவு 10 வரை. காருக்கும் சின்ன வேனுக்கும் வார நாட்களில் வடக்கே போக காலை 6–10, தெற்கே வர மாலை 4–7, இந்த நேரங்களில் 4 பவுண்டு. மற்ற நேரம் 1.50. ஆனால் அந்த 1.50 ஆட்டோ பே கணக்கு (கட்டணத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் கணக்கு) வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே. கணக்கு இல்லையென்றால் எந்த நேரமும் 4 பவுண்டுதான். இது நாள் கட்டணம் அல்ல, ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் விழும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். மத்திய லண்டன் மட்டும் என்றால் 18 + 12.50 = 30.50. காலையில் பிளாக்வால் வழியாகப் போய், மாலை 7 தாண்டித் திரும்பினால் மேலும் 5.50. மொத்தம் 36 பவுண்டு. வாடிக்கையாளரிடம் இதைத் தனி வரியாக எழுதிக் காட்டி வாங்குங்கள், ரேட்டுக்குள் புதைத்தால் உங்கள் தலையில்தான் விழும். தொழிலுக்காகப் போனதென்றால் இந்தக் கட்டணங்களை வரிக் கணக்கில் செலவாகக் காட்டலாம். அபராதத்தைக் காட்ட முடியாது.

மிச்சப்படுத்த வழி இருக்கிறது. நெரிசல் கட்டணப் பகுதியின் எல்லையாக இருக்கும் உள்வட்டச் சாலையில் ஓட்டினால் கட்டணம் இல்லை: மேரில்போன் ரோடு, யூஸ்டன் ரோடு, பென்டன்வில் ரோடு, சிட்டி ரோடு, டவர் பிரிட்ஜ், நியூ கென்ட் ரோடு, வாக்ஸ்ஹால் பிரிட்ஜ் ரோடு, பார்க் லேன். அதாவது டவர் பிரிட்ஜில் ஆற்றைத் தாண்ட ஒரு பைசா ஆகாது, யூலெஸ் மட்டும்தான். ஆனால் அந்தச் சாலையிலிருந்து தவறான பக்கம் ஒரு திருப்பம் திரும்பினால் போச்சு. சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளை ‘சி’ எழுதிய பலகை தெரிந்தால் அதற்கு அப்பால் கட்டணம். பழைய ஜி.பி.எஸ். கருவிகள் இதைக் கவனிக்காமல் குறுக்குத் தெருவில் விட்டுவிடும். ‘டோல் தவிர்’ என்ற அமைப்பைப் போட்டாலும் எல்லாச் செயலிகளும் நெரிசல் எல்லையை டோலாக எண்ணுவதில்லை.

பிளாக்வாலுக்குப் பதில் ராதர்ஹித் சுரங்கம் இலவசம் என்று யாராவது சொல்வார்கள். உயரம், அகலம் இரண்டுமே 2 மீட்டர்தான். 2 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு அனுமதியும் இல்லை. பெரும்பாலான வேன்களுக்கு உதவாது.

நம்பர்_பிளேட்

மேலே சொன்னது கட்டணம். ஓட்டுநர்களை உண்மையில் நோகடிப்பது கட்டணம் இல்லைங்க, அபராத நோட்டீஸ். கட்டாமல் விட்டால் 180 பவுண்டு. 14 நாளுக்குள் கட்டினால் 90. 28 நாள் தாண்டினால் 270. அதற்கும் மேலே போனால் நார்தாம்ப்டனில் உள்ள டிராஃபிக் என்ஃபோர்ஸ்மென்ட் சென்டரில் கடனாகப் பதிந்து, பெய்லிஃப் (கடன் வசூல் அதிகாரி) வீட்டு வாசலுக்கு வருவார். யூலெஸ்ஸும் நெரிசலும் ஒரே நாளில் கட்டாமல் விட்டால் நோட்டீஸ் இரண்டு, 360 பவுண்டு.

பணம் இல்லாமல் மாட்டுகிறவர்கள் குறைவு. மாட்டுவது பெரும்பாலும் இப்படித்தான்:

கெடு குழப்பம். நெரிசலுக்கும் யூலெஸ்ஸுக்கும் பயணித்த நாளிலிருந்து மூன்றாம் நாள் நள்ளிரவு வரை நேரம் இருக்கு. நெரிசலை அன்றைக்கே கட்டாமல் தள்ளினால் 18 என்பது 21 ஆகும், யூலெஸ் அதே 12.50. ஆனால் டார்ட்ஃபோர்டு வேறு நிர்வாகம், அதற்கு மறுநாள் நள்ளிரவே கடைசி. மூன்று நாள் இருக்கே என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட நினைப்பவர் டார்ட்ஃபோர்டில் மாட்டுவார்.

பதிவு எண்ணைத் தவறாக அடிப்பது. இங்கிலாந்து நம்பர் பிளேட்டில் பூஜ்யமும் ‘ஓ’ எழுத்தும் ஒரே அச்சு. ஒன்றும் ‘ஐ’யும் அப்படியே. பிளேட்டைப் பார்த்து அடிக்காதீங்க. 2001-க்குப் பிந்தைய வழக்கமான பிளேட் என்றால் மூன்றாவது, நான்காவது இடம் மட்டும்தான் எண், மற்ற ஐந்தும் எழுத்து. இடத்தை எண்ணி அடித்தால் தப்பாது. ஓர் எழுத்து மாறினாலும் நீங்கள் கட்டிய காசு வேறு வண்டிக்குப் போகும், உங்களுக்கு நோட்டீஸ் வரும்.

போலி இணையதளம். தேடலில் மேலே விளம்பரமாக வரும் இடைத்தரகர் தளங்கள் கூடுதல் தொகை வாங்கும், கட்டிவிட்டதாக மின்னஞ்சலும் அனுப்பும், சில சமயம் கட்டணம் போய்ச் சேரவே சேராது. டி.எஃப்.எல். (லண்டன் போக்குவரத்து நிர்வாகம்) தளத்தின் முகவரியை நீங்களே அடித்துப் போங்க.

வண்டிப் பதிவுப் பத்திரத்தில் (லாக்புக்) பழைய முகவரி. நோட்டீஸ் போவது ஓட்டியவருக்கு அல்ல, டி.வி.எல்.ஏ. (வண்டிப் பதிவு அலுவலகம்) பதிவில் பொறுப்பாளராக இருப்பவரின் முகவரிக்கு. வீடு மாறி லாக்புக்கை மாற்றாவிட்டால் 90 கண்ணுக்கே தெரியாது, 270-க்குப் பிறகுதான் செய்தி எட்டும்.

வாடகை வண்டி. நோட்டீஸ் முதலில் கம்பெனிக்குப் போகும். அவர்கள் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டு நிர்வாகக் கட்டணம் தனியாகப் பிடிப்பார்கள். வண்டி எடுக்கும்போதே யார் கட்டுவது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்க.

வேன்சக்கரம்

மிக்க நன்றி இருவருக்கும். ஆட்டோ பே போட்டுவிட்டால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்று புரிகிறது, சரிதானா? அதில் ஏதாவது கோளாறு உண்டா?

நம்பர்_பிளேட்

பெரும்பாலும் தீரும். நெரிசல், யூலெஸ், இரண்டு சுரங்கம் எல்லாம் ஒரே கணக்கில் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். தாமதக் கட்டணம் என்ற பேச்சே இல்லை. டார்ட்ஃபோர்டு மட்டும் இதில் வராது, அதற்குத் தனிக் கணக்கு திறக்கணும்.

கோளாறு எங்கே என்றால், கணக்கில் உள்ள வங்கி அட்டை காலாவதியாகி, புது அட்டையை ஏற்றாமல் விட்டால் பணம் பிடிக்க முடியாமல் கணக்கு முடங்கும். முடங்கின பிறகு ஓடிய ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனி நோட்டீஸ். கணக்கு இருக்கு என்ற நம்பிக்கையில் யாரும் பார்க்க மாட்டார்கள், கடிதம் வரும்போது ஒரு கட்டாக வரும். டைரக்ட் டெபிட் (வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பிடிப்பது) போட்டால் இந்தத் தொல்லை இல்லை. வண்டியைச் சேர்த்தால் எந்தத் தேதியிலிருந்து அமல் என்று திரையில் பாருங்க, அதற்கு முந்தின பயணம் சேராது. வண்டியை விற்ற அன்றே கணக்கிலிருந்து எடுத்துவிடுங்க, இல்லையென்றால் வாங்கினவர் ஓட்டுவதற்கும் நீங்கள் கட்டுவீர்கள்.

நீங்கள் போகாத நாளுக்கு நோட்டீஸ் வந்தால் பயந்து 90-ஐக் கட்டிவிடாதீங்க, கட்டினால் வழக்கு முடிந்தது என்று அர்த்தம். நோட்டீஸில் உள்ள கேமரா படத்தைப் பெரிதாக்கிப் பாருங்க: கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர், கூரைக் கம்பி, பம்பர் கீறல், பிளேட்டின் கீழ் விளிம்பில் டீலர் பெயர். போலி பிளேட் போட்ட வண்டி என்றால் இவற்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் ஒத்துவராது. அந்தப் படத்தையும் உங்கள் வண்டியின் படத்தையும் சேர்த்து 28 நாளுக்குள் மறுப்பு அனுப்புங்க, போலீஸிலும் பதியுங்க. நிராகரித்தால் லண்டன் டிரைப்யூனல்ஸுக்குப் போகலாம், அது மேல்முறையீட்டை விசாரிக்கும் தனி அமைப்பு, போகக் கட்டணம் கிடையாது.

அறுபதாம்_தெரு

நியூயார்க் நிலவரம் சுருக்கமாக. 2025 ஜனவரி 5-ல் தொடங்கியது. மன்ஹாட்டனில் 60-ம் தெருவும் அதற்குத் தெற்கும். காருக்கு ஈஸி பாஸ் (கண்ணாடியில் ஒட்டும் டோல் கருவி) இருந்தால் 9 டாலர், இல்லாவிட்டால் தபாலில் பில் வரும், 13.50. வார நாட்களில் காலை 5 முதல் இரவு 9, வார இறுதியில் காலை 9 முதல் இரவு 9. மற்ற நேரம் ஈஸி பாஸில் 2.25. இரவு 8:55-க்கு நுழைபவருக்கும் 9:05-க்கு நுழைபவருக்கும் 6.75 டாலர் வித்தியாசம்.

எஃப்.டி.ஆர். டிரைவ், வெஸ்ட் சைடு ஹைவே இரண்டிலும் நேராகப் போனால் கட்டணம் இல்லை, உள்தெருவுக்கு இறங்கினால் உண்டு. லிங்கன், ஹாலண்ட் சுரங்கம் வழியாக நெரிசல் நேரத்தில் வரும் காருக்கு 3 டாலர் கழிவு, குவீன்ஸ் மிட்டவுன், ஹியூ கேரி வழியாக வந்தால் 1.50. கழிவு ஈஸி பாஸுக்கு மட்டும்தான். பாஸ் இருந்தும் பலருக்குத் தபால் பில் வருவது ஏனென்றால், கருவியைக் கண்ணாடியில் ஒட்டாமல் டாஷ் பெட்டியில் போட்டு வைத்திருப்பார்கள், நம்பர் பிளேட்டையும் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்கள். பிளேட் சேர்ந்திருந்தால் கருவி படிக்காவிட்டாலும் படத்தை வைத்துக் கணக்கிலேயே பிடித்துக்கொள்ளும்.

சுங்கவளைவு

ரோடு காலியாகிறதா என்ற கேள்விக்கு வருகிறேன், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

லண்டனில் 2003 பிப்ரவரி 17-ல் 5 பவுண்டோடு தொடங்கியபோது நெரிசல் சுமார் 30 சதவீதம் குறைந்தது. சில ஆண்டுகளில் பழையபடி ஏறியது. உள்ளே வரும் வண்டிகள் குறைந்தே இருந்தும் ஏன் ஏறியது? சாலையைத் தோண்டும் வேலைகள் பெருகின, பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் இடம் ஒதுக்கியதில் கார்களுக்கான அகலம் குறைந்தது. வாடகை மினிகேப்களுக்கு 2019 ஏப்ரல் வரை விலக்கு வேறு. அதைவிட அடிப்படையான காரணம், நாளுக்கு ஒரே தொகை என்ற அமைப்பு. நாள் முழுவதற்கும் பஸ் பாஸ் எடுத்தவர் மாதிரி, கட்டிவிட்டவர் எவ்வளவு சுற்றினாலும் அடுத்த தடவைக்குக் காசு இல்லை. காலை 8 மணிக்கு வருபவரும் பகல் 2 மணிக்கு வருபவரும் ஒரே தொகை கட்டினால் நேரத்தை மாற்றிக்கொள்ள யாருக்கும் காரணமே இல்லை.

ஸ்டாக்ஹோமில் எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும், உள்ளே போகவும் வெளியே வரவும், நேரத்துக்கு ஏற்ற தொகை. பரபரப்பான பருவத்தில் உச்ச நேரத்துக்கு 45 குரோனா, ஒரு நாளுக்கு அதிகபட்சம் 135. சனி, ஞாயிறு கிடையாது. 2006 ஜனவரி முதல் ஜூலை வரை சோதனையாகப் போட்டபோது போக்குவரத்து சுமார் 20 சதவீதம் இறங்கியது. ஆகஸ்டில் எடுத்ததும் பெரும்பகுதி திரும்ப ஏறியது. 2007 ஆகஸ்டில் நிரந்தரமாக்கியதும் மறுபடி இறங்கி அப்படியே நின்றது. போட்டு, எடுத்து, மறுபடி போட்டுப் பார்த்த ஊர் அது. இதற்கு மேல் சான்று தேவையில்லை என்பேன். பில் மாதம் ஒருமுறை வண்டி உரிமையாளருக்கு வரும், அடுத்த மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும், தவறினால் 500 குரோனா கூடுதல். கோதன்பர்க்கில் 60 நிமிடத்துக்குள் பல கேமராவைத் தாண்டினாலும் அவற்றில் உயர்ந்த ஒரே தொகைதான். சாமான் இறக்கும் வேன்காரர்களுக்கு இது பெரிய நிம்மதி.

சிங்கப்பூர் இன்னும் ஒரு படி மேல். மின்னியல் சாலைக் கட்டணத்தில் தொகையைத் தீர்மானிப்பது அளந்து பார்த்த வேகம். விரைவுச்சாலையில் மணிக்கு 45–65 கி.மீ., முக்கியச் சாலைகளில் 20–30 கி.மீ. என்ற வரம்பை வைத்து, வேகம் அதற்குக் கீழே போனால் தொகையை ஏற்றுவார்கள், மேலே போனால் இறக்குவார்கள். அரை மணிக்கு ஒருமுறை தொகை மாறும்போது, அடுத்த தொகை குறைவாக இருந்தால் ஓட்டுநர்கள் சாலைக்கு மேலே நின்று கட்டணம் பிடிக்கும் வளைவுக்கு முன்னால் ஊர்ந்தார்கள், அதிகமாக இருந்தால் விரட்டினார்கள். அதனால்தான் பெரிய மாற்றம் வரும் இடங்களில் முதல் ஐந்து நிமிடத்துக்கு இடைப்பட்ட தொகை ஒன்றை வைத்தார்கள். எந்த ஊரில் திட்டம் போட்டாலும் அந்த ஐந்து நிமிடத்தையும் சேர்த்துப் போட வேண்டும்.

உள்வளையம்

சுங்கவளைவு சொல்வதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் நேரத்துக்கு ஏற்றபடி மாறும் தொகை வேன்காரருக்கு எப்போதும் நல்லது என்று சொல்ல முடியாது. காலை 8 மணிக்குக் கடை திறப்பவர் 8 மணிக்குத்தான் சாமானை வாங்குவார். நேரத்தைத் தேர்ந்தெடுப்பது ஓட்டுநர் கையில் இல்லை, வாடிக்கையாளர் கையில் இருக்கிறது. லண்டனில் ஒரே நாளில் எட்டு இடத்தில் இறக்குபவருக்கு 18 பவுண்டு ஓர் இடத்துக்கு 2.25தான். ஒரே இடத்தில் இறக்கித் திரும்புபவருக்கு முழு 18-ம் பாரம். ஆகவே வேன்சக்கரம், இரண்டு நாளில் பிரித்துப் போவதை ஒரே நாளில் அடுக்க முடியுமா என்று முதலில் பேசிப் பாருங்கள். வாரத்துக்கு 30.50 அங்கேயே மிச்சம்.

காலை 7-க்கு முன் உள்ளே வந்து இறக்கிவிட்டு, 7-க்குள் எல்லையைத் தாண்டிவிட்டால் நெரிசல் கட்டணமே இல்லை. உள்ளேயே தங்க வேண்டுமென்றால் பொதுத் தெருவில் நிறுத்தாமல் தனியார் வளாகத்துக்குள் நிறுத்தி, மாலை 6-க்கு மேல் எடுத்தால் அப்போதும் இல்லை.

வண்டியை மாற்றுவது பற்றியும் ஒரு வரி. யூரோ 6 டீசல் வேன் எடுத்தால் நாளுக்கு 12.50 மிச்சம். மின்சார வேனுக்கு முன்பிருந்த முழு விலக்கு 2025 டிசம்பர் 25-ல் முடிந்துவிட்டது. இப்போது ஆட்டோ பேயில் பதிந்தால் பாதிக் கழிவு, 9 பவுண்டு, யூலெஸ் இல்லை. உங்கள் 30.50-க்கு எதிரே நாளுக்கு 21.50 மிச்சம். 100 நாளுக்கு 2,150 பவுண்டு. 2030 மார்ச் முதல் அந்தக் கழிவு 25 சதவீதமாக இறங்கும், தவணை எத்தனை வருடம் என்று பேசும்போது அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.