புதுப்பிப்பு: மனநலப் பிரிவுக்கு இளைஞர்கள் வர, எந்த யோசனை பலித்தது?

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு இளைஞர்கள் தயங்காமல் வர, கல்லூரித் தன்னார்வலர்களான நாங்கள் என்ன பரிந்துரைக்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பலித்தது, "கருத்துக் கேட்புக் கூட்டம் வேண்டாம், நோயாளியைப் போல வாசலிலிருந்து நடந்து பாருங்கள்" என்ற யோசனை. நடந்தோம். ஓ.பி. சீட்டு கொடுக்கும் ஜன்னலில் "எந்த டாக்டர்?" என்று உரக்கக் கேட்கிறார்கள், பின்னால் நிற்கும் வரிசை முழுவதும் காதைத் தீட்டிக்கொள்கிறது. எங்களில் ஒருத்தி அங்கேயே வாயடைத்து நின்றுவிட்டாள். இப்போது அறை எண்ணைச் சொன்னால் போதும். சீட்டின் பின்புறம் 14416 என்று முத்திரை குத்துகிறார்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மனஸ் என்ற மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையின் எண் அது. கட்டணமில்லை, நள்ளிரவிலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

மாலை நேர ஓ.பி. கிடைக்கவில்லை, ஆள் பற்றாக்குறையாம். வழக்கமான பதில்தான்.

எதிர்பாராத உதவி வாசல் காவலரிடமிருந்து வந்தது. வழிகாட்டும் அம்புக்குறிகளை அவரே கேட்டு வாங்கி ஒட்டினார்.

இதே வேலையில் இறங்குவோருக்கு: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவருக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலரே நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை முடிவுகளில் நோயாளியின் சார்பில் துணை நிற்பவர். ஆகவே பள்ளி மாணவர்களுக்கான அறிவிப்பைத் தனியாக எழுதுங்கள்.