அறுபதாம் கல்யாண பேனரில் மலையாளம், அரபி, மலாய் வாழ்த்து எப்படிப் போடுறது?

கேள்வி: பாளையங்கோட்டை மகள்
வர்ற ஆனியில அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். திருவனந்தபுரத்துச் சம்பந்தி வீட்டார், அத்தானோட துபாய் முதலாளி, பினாங்கு மலாய்க் குடும்பம் எல்லாரும் வாராங்க. மேடை ஃபிளெக்ஸ்ல அவங்கவங்க மொழியில ஒரு வரி வேணும். பிறந்தநாள் வாழ்த்தா, கல்யாண நாள் வாழ்த்தா? எதைப் போட? சொல்லுங்க அண்ணாச்சிமாரே.

செங்கோட்டை அண்ணாச்சி
பிறந்தநாளைத்தான் அடிப்படையா வைக்கணும் தாயி. "அறுபதாம் கல்யாணம்"னு இருக்கதை அப்படியே மொழிபெயர்த்தா, கல்யாணம் முடிஞ்சு 60 வருஷம் ஆனவங்கன்னு அர்த்தம் வந்துரும். இது அப்பாவுக்கு 60 வயசு நிறையுத சஷ்டியப்தபூர்த்தி. 1966 சித்திரையில தொடங்கின பராபவ வருஷம் 2026 சித்திரையில மறுபடி வருதுல்லா, அந்தச் சுற்று முடியுததுதான் விசேஷமே. தமிழ் வரியில வருஷப் பேரையும் நட்சத்திரத்தையும் போடுங்க. சான்றிதழ்ல உள்ள தேதி வேண்டாம். பிறந்த மாசத்துல பிறந்த நட்சத்திரம் வர்ற அன்னைக்குத்தான் சடங்கு, அது பெரும்பாலும் அந்தத் தேதியில அமையாது.

மலையாளத்துக்கு "ஷஷ்டிபூர்த்தி ஆசம்சகள்" போதும், அவங்களுக்கும் பழக்கமான சடங்கு. ஆசம்சகள்ல முதல் "ச" ஷ மாதிரி ஒலிக்கணும், ரெண்டாவது ஸ மாதிரி. "விவாஹ மங்களாசம்சகள்" மட்டும் போட்டுராதீங்க, அது இன்னைக்குத் தாலி கட்டுத புது ஜோடிக்கு. வருஷா வருஷம் வர்ற கல்யாண நாளுக்கு "விவாஹ வார்ஷிகாசம்சகள்".

மேலப்பாளையம் வாசகர்
அரபியில "ஈத் மீலாத் சயீத்"னா பிறந்தநாள் வாழ்த்து. ஆனா மேடையில அம்மாவும் சேர்ந்து உக்காருதாங்களே, அதனால "குல்லு ஆம் வ அன்தும் பி கைர்" போடுங்க. ஒவ்வொரு வருஷமும் நலமா இருங்கன்னு பொருள். பெருநாளுக்கும் சொல்லுவாங்க, பிறந்தநாள், கல்யாண நாள் ரெண்டுக்கும் பொருந்தும். அப்பாகிட்ட மட்டும் சொன்னா "அன்த", அம்மாகிட்ட "அன்தி". இலக்கணப்படி இருவருக்கு "அன்துமா"ன்னு தனி வடிவம் உண்டு, ஆனா "அன்தும்" போட்டா யாரும் குறை சொல்ல மாட்டாங்க.

மலாய்க்கு "செலாமத் ஹாரி ஜாடி", அங்க பிறந்தநாளுக்கு அதான். கல்யாண நாள்னா "செலாமத் உலாங் தாஹுன் பெர்காவினான்". கடைசி வார்த்தையை இடம் பத்தலன்னு வெட்டிராதீங்க. முதல் மூணு வார்த்தையோட நின்னா இந்தோனேசியாவுல அது பிறந்தநாள் வாழ்த்து.

ஜங்ஷன் டிசைனர்
வரி சரியா இருந்தும் அச்சுல கெட்டுப்போறதுதான் அதிகம். அரபியைக் கடையில ஒட்டும்போது எழுத்துகள் ஒண்ணோட ஒண்ணு சேராமத் தனித்தனியா நிக்கும், வரிசையும் இடமிருந்து வலமாத் திரும்பிரும். மென்பொருள்ல மத்திய கிழக்கு மொழிகளுக்கான அமைப்பை இயக்காததுதான் காரணம். சிலர் அதைக் கையால திருப்பிச் சரிபண்ணப் பாத்து எண்ணையும் திருப்பிருவாங்க, 60 போயி 06 ஆயிரும். அரபியில எழுத்துதான் வலமிருந்து இடம், எண் நம்மள மாதிரிதான்.

மலையாளத்துல சிக்கல் சில்லெழுத்து, அதாவது உயிர் சேராம நிக்குத சில மெய்களுக்கான தனி வடிவம். "ஆசம்சகள்" முடியுத ள், "பூர்த்தி"யில உள்ள ர் ரெண்டுமே சில்லு. கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோட்ல அதுகளுக்குத் தனி இடம் 2008ல வந்த 5.1 பதிப்புலதான் கிடைச்சது. அதுக்கு முந்தின எழுத்துருன்னா அந்த இடத்துல வெறும் கட்டம் விழும்.

அதனால வாட்ஸ்அப்ல எழுத்தா அனுப்பாதீங்க. புது எழுத்துருவுல நீங்களே தட்டி, எழுத்தைக் கோட்டுருவமா (எழுத்துரு தேவைப்படாத படம் மாதிரி) மாத்தி பிடிஎஃப் ஆக்கிக் குடுங்க, கடைக்காரர் திறந்தாலும் கலையாது. மாதிரி அச்சைப் படமெடுத்துச் சம்பந்தி வீட்டுக்கும் அத்தானுக்கும் அனுப்பி, அவங்க சரின்னு சொன்ன பொறவு ஃபிளெக்ஸ் ஓட்டச் சொல்லுங்க.

பாளையங்கோட்டை மகள்
ரொம்ப நன்றி. மேடையில மைக்ல சொல்லுதவர் அரபி வரியை எப்படிப் பிரிச்சு வாசிக்கணும்?

மேலப்பாளையம் வாசகர்
"குல்லு ஆம்", கொஞ்சம் நிறுத்தி, "வ அன்தும் பி கைர்". "கைர்"ல க தொண்டையில உரசி வரணும், "ஜஸாகல்லாஹு கைர்"னு சொல்லுததுல வர்ற அதே ஒலிதான். எங்க ஊர்ப் பிள்ளைக யாரையாவது ரெண்டு தடவ சொல்லச்சொல்லிப் பதிஞ்சு அவருக்கு அனுப்பிருங்க.