அப்பப்பாவின் மூன்றுகுழல் ஜேர்மன் துவக்கு: வரலாற்றை எப்படித் தேடுவது?

கேள்வி (ஒட்டுசுட்டான்):
வணக்கம். எங்கள் அப்பப்பா அனுமதிப்பத்திரத்துடன் வைத்திருந்த வேட்டைத் துவக்கு ஒன்றின் வரலாற்றை எழுதிவைக்க விரும்புகிறேன். துவக்கு இப்போது எங்களிடம் இல்லை. பழைய அனுமதிப்பத்திரமும், குழல்களின் அடிப்பக்கத்தில் தாளை வைத்து அவர் பென்சிலால் தேய்த்தெடுத்த அச்சுமே எஞ்சியுள்ளன. மேலே சிறு ஈயக் குண்டுகள் கொண்ட சன்னத் தோட்டாவுக்கு இரண்டு குழல்கள், அவற்றின் கீழே உட்புறம் சுருள் பள்ளங்கள் வெட்டிய ஒரு சுரிகுழல். அச்சில் முடிச் சின்னத்தின் கீழ் யூ, ஜீ, டபிள்யூ என்ற எழுத்துகளும், வட்டத்துக்குள் 16 என்ற எண்ணும், சுரிகுழலில் 108,49 என்ற இலக்கமும் தெரிகின்றன. வாய்வழியே மருந்தை இடித்து நிரப்பும் இடியன் துவக்கையே கண்டு பழகிய எங்கள் ஊரில் இதை விளக்கக்கூடியவர் எவரும் இல்லை. இது எக்காலத்தது, யார் செய்தது?

மறுமொழி (வவுனியா):
தம்பி, துவக்கே கையில் இருந்தாலும் முதலில் பார்க்கவேண்டியது அந்தக் குழலடியைத்தான். இவ்வகையை ஜேர்மனியர் டிரில்லிங் என்பர். பறவைக்குச் சன்னமும் பன்றிக்கு ரவையும் (ஒற்றைக் குண்டு) ஒரே துவக்கில் ஆயத்தமாக இருக்கும். முடிச் சின்னங்கள் செய்தவருடைய முத்திரைகள் அல்ல, அரச சோதனைச்சாலையின் முத்திரைகள். 1891இல் இயற்றப்பட்டு 1893 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, யூ பரிசோதனை முடிந்ததையும், ஜீ சுரிகுழலையும், டபிள்யூ வாய்ப்பக்கம் ஒடுக்கப்பட்ட குழலையும் குறிக்கும். 108,49 என்பதிலுள்ள காற்புள்ளி ஜேர்மனியரின் தசமப் புள்ளி. ஓர் இறாத்தல் ஈயத்தை 108.49 சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டைக்கு என்ன விட்டம் வருமோ, அதுவே அந்தச் சுரிகுழலின் உள்விட்டம். கணக்கிட்டால் ஏறத்தாழ 8.9 மில்லிமீற்றர் வரும். ரவை சுருள் பள்ளங்களையும் நிரப்பவேண்டியதால் உள்விட்டத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். ஆகவே அது 9.3 மில்லிமீற்றர் ரவைக்குரிய குழலாக இருக்கலாம். 1912ஐ ஒட்டி இந்த அளவை மில்லிமீற்றரிலேயே பொறிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதால், உங்கள் துவக்கை அதற்கு முற்பட்டதாகக் கொள்ளலாம்.

மறுமொழி (முல்லைத்தீவு):
காலக் கணிப்பு எனக்கும் சரியாகவே படுகிறது. செய்தவரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். குழல்களுக்கு மேலே பெயர் பொறித்திருந்தாலும் அது விற்ற கடைக்காரருடையதாக இருக்கலாம். ஜேர்மனியின் துரிங்கியா மாநிலத்திலுள்ள, துவக்குத் தொழிலுக்குப் பேர்போன சூல் நகரில் குழல், பூட்டு, கட்டை, செதுக்கு வேலை ஒவ்வொன்றையும் தனித்தனிப் பட்டறைகள் செய்துவந்தன. முடிச் சின்னங்களின் அருகே சிறிய முதலெழுத்துகள் உள்ளனவா என்று, தாளைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அவை குழல் செய்தவருடையவையாக இருக்கக்கூடும். முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல் என்பதால், அதற்கு முந்திய பத்திரமாயின் அதிலுள்ள தொடரிலக்கத்துடன், அப்போது உங்கள் ஊர் அடங்கியிருந்த வவுனியா மாவட்டத்தின் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) விசாரியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஜீ எழுத்தின் வலப்புறத்தில் மங்கலாக இரண்டு முதலெழுத்துகள் தெரிகின்றன. பகல் வெளிச்சத்தில் படமெடுத்து இங்கே இடுகிறேன். பத்திரத்தின் தொடரிலக்கத்தையும் குறித்துக்கொண்டேன்.